மலை சரிந்ததென்றே எழுதினேன்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு பக்கமாகச் சாய்ந்த இங்கிலீஷ். பாலம் அடித்துக்கொண்டு போனதைச் சொல்வேன். ஏரிக்கரை உடைந்ததை, புயல் கரையைக் கடந்ததை, மலைப்பாதை மூடிக் கிடப்பதை எல்லாம் சொல்வேன். துணிக்கடையில் போய், இதே சட்டை இன்னும் கொஞ்சம் பெரிய அளவில் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னால் முழிப்பேன். "உன் இங்கிலீஷ் பூராவும் எழவு இங்கிலீஷா இருக்குது" என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோர் நடுவிலும் சொல்லிச் சிரித்தாள். "ஆமா, எனக்குச் சோறு போடறது அதுதான்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன்.

நாமக்கல்லில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீடு ராசிபுரத்தில். சேலத்திலிருந்து வரும் பஸ்ஸில் காலையில் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது, என்ன லோடு, எப்போது இறங்கும் என்று பார்த்துச் சரக்குக்காரர்களுக்குச் சொல்வது என் வேலை. எங்கள் வண்டிகள் வடக்கே போகும், வடகிழக்கு மலைகள் வரைக்கும் போகும். நானோ அரசுப் பள்ளியிலும் அரசுக் கல்லூரியிலும் தமிழில் படித்தவள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. லாரி ஏன் இன்னும் வரவில்லை என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டார். "சார், ரெயின். பிக் ரெயின். ரோடு நோ" என்றேன். அவர் சிரித்தார். அடுத்து வேகமாக என்னவோ சொன்னார். வேறு யாரையாவது பேசச் சொல் என்பது மட்டும் புரிந்தது. போனை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் இந்தியில் பேசி முடித்துவிட்டு, "இனி இங்கிலீஷ் போனு வந்தா எங்கிட்டக் குடுத்துரு அம்மிணி. உனக்கெதுக்கு வம்பு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தேன். ஏர்போர்ட்டில் எப்படிப் பேசுவது, பெரிய ஓட்டலில் அறை எடுக்கும்போது என்ன சொல்வது, நேர்முகத் தேர்வில் உன் பலவீனம் என்ன என்று கேட்டால் என்ன பதில் என்றெல்லாம் நடந்தது. ஒருநாள் எழுந்து, "சார், ரோடு சரிஞ்சு போச்சு, வண்டி மலைமேல மாட்டிக்கிச்சு, எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்கறத எப்படிங்க சொல்றது?" என்று கேட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "மொதல்ல பேசிக்ஸ் கத்துக்கம்மா. அதெல்லாம் அப்புறம்" என்றார் வாத்தியார். எனக்கு அதுதான் பேசிக்ஸ். மறுநாளிலிருந்து போகவில்லை.

ஆபீசில் ஒரு டிவி உண்டு. மழைக்காலம் வந்தால் முதலாளி அதை அணைக்கவே மாட்டார். எந்தப் பக்கம் புயல், எந்தப் பாதை அடைப்பு என்று தெரிய வேண்டும். தமிழ்ச் செய்தியில் தூர தேசத்து மழை ஓரிரு வரியில் முடிந்துவிடும். இங்கிலீஷ் செய்தியில் நாள் முழுக்க ஓடும். ஒரு புயலின்போது அதைச் சத்தத்தோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மரம் விழுவதைக் காட்டி மரம் விழுந்தது என்றார்கள். கூரை பறப்பதைக் காட்டி கூரை பறந்தது என்றார்கள். கீழேயும் அதே வரி எழுத்தில் ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் அதே மரம், அதே வரி. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு ஒரு வார்த்தையை இத்தனை தடவை, இத்தனை பொறுமையாகச் சொன்னதில்லை.

தப்பும் தவறுமாகத்தான் ஆரம்பித்தேன். லாரி ஆபீசில் டோல் என்றால் நெடுஞ்சாலையில் காசு வாங்கும் இடம், வேறு அர்த்தம் கிடையாது. 'டெத் டோல்' என்று திரையில் வந்தபோது, ஏதோ ஒரு டோல் கேட்டில் பெரிய விபத்து என்று நினைத்து, எங்கள் வண்டி எதுவும் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பதறிப்போய்ப் பார்த்தேன். செத்தவர்களின் எண்ணிக்கைக்கு அப்படி ஒரு பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளத்தில் கிராமங்கள் 'மெரூண்டு' என்றார்கள். நான் பட்டு நெய்கிற ஊர்க்காரி. மெரூன் என்றால் எனக்குச் சேலை நிறம். படத்தில் தண்ணீரும் அந்த நிறத்தில்தான் ஊர்களைச் சுற்றி நின்றது. செம்மண் தண்ணீரில் ஊரெல்லாம் மெரூன் ஆகிவிட்டதைச் சொல்கிறார்கள் என்றே கொஞ்ச காலம் நம்பினேன். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்து தனியாகிப் போவது என்று போனில் அகராதியைப் பார்த்தபோது, என் அர்த்தமும் ரொம்பத் தூரம் போய்விடவில்லை என்று தோன்றியது.

போக வழியில்லாமல் மாட்டிக்கொள்வதைச் சொல்கிற 'ஸ்ட்ராண்டட்' என்ற வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு முகம். மொட்டை மாடியில் ஒரு பெண், கையில் பிரஷர் குக்கரை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். படகு அவளைத் தாண்டிப் போய்விட்டது. அவள் கையாட்டவில்லை, கத்தவில்லை, படகு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் அந்த வார்த்தையை எழுதும்போது அந்தக் குக்கர் கண்ணில் வரும்.

இன்னொன்றையும் கவனித்தேன். மலையில் மண் சரிந்தால், சுற்றுலா வந்தவர்கள் இத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்பார்கள். அவர்களைப் பேச வைப்பார்கள், அழுவதைக் காட்டுவார்கள். பிறகு, ஏராளமான வாகனங்களும் சிக்கியுள்ளன என்பார்கள். வாகனங்கள் என்றால் லாரிகள். லாரி தானாகப் போய் மலையில் சிக்கிக்கொள்ளுமா? உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ஸ்டவ்வில் அரிசி பொங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போன் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் சேர்த்துத்தான் வாகனம் என்கிறார்கள். அந்த வரி ஓடும்போதெல்லாம் டிவியைப் பார்த்து, "ஆளுங்கடா, ஆளுங்க" என்று முணுமுணுப்பேன்.

வீட்டிலும் போனில் செய்தி ஓடும். விளக்கு வைக்கிற நேரத்தில் நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

"வெளக்கு வெக்கற நேரத்துல செத்தது போனதுன்னு கேக்கறியே புள்ள. நல்ல சேதி எதையாச்சும் வெச்சுப் படிக்கறது."

"நல்ல சேதிய ஒருக்காத்தான் சொல்றாங்க அத்தை. இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க."

"அடுத்தவிய ஊடு முழுகறதுல உனக்குப் படிப்பா?"

அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்ததுதான். ஆனால் அதற்காகக் காதை மூடிக்கொள்ள நான் தயாராக இல்லை. வெள்ளத்தை நான் வரவழைக்கவில்லை. மற்றவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லி அடுத்த சேனலுக்குப் போகிறார்கள். நான் கடைசி வரை உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். "பாதிப் பேரு கேக்கவே மாட்டீங்கறாங்க அத்தை. நானாச்சும் கேக்கறேன்" என்றேன். அவர் விளக்கைத் தூண்டிவிட்டுப் போய்விட்டார். போனை நான் அணைக்கவில்லை.

அடுத்தடுத்த மழைக்காலங்களில் இங்கிலீஷ் போன்கள் ஒவ்வொன்றாக என் மேசைக்கே திரும்பி வந்தன. மெயிலும் நானே எழுதினேன். வினைச்சொல் முன்னே பின்னே போகும். ஆனால் பாதை அடைப்பு, மாற்றுப் பாதை, மண் அகற்றும் வேலை, போக்குவரத்து எப்போது சீராகும் என்பதெல்லாம் சரியாக வந்துவிடும். முதலாளி பாராட்டுகிற ஆள் இல்லை. அவரும் இருபது வயதில் ஸ்டியரிங் பிடித்து, ஒரு வண்டி, இரண்டு வண்டி என்று மேலே வந்தவர். இங்கிலீஷ் போன் வந்தால் தன் மேசையிலிருந்து என் பக்கம் விரலைக் காட்டுவார். அதுவே பாராட்டு.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கேபிள் சுற்றிய பெரிய டிரம்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி ஒன்று வடகிழக்கே ஒரு மலை ஊருக்குப் போயிருந்தது. ஓட்டிப்போனவர் தம்மம்பட்டிக்காரர், ஐம்பது தாண்டியவர். ஆபீசில் எல்லோரும் அவரைத் தம்மம்பட்டியார் என்றே கூப்பிடுவோம். தினமும் காலையில் போன் போட்டு எங்கே இருக்கிறேன் என்று தானாகச் சொல்லிவிடுகிற ஒரே டிரைவர் அவர்தான். ஒருநாள் காலையில் போன் வரவில்லை. நான் போட்டால் போகவில்லை. டிவியில் அந்தப் பாதையைக் காட்டினார்கள். மலையின் ஒரு பக்கம் அப்படியே உரித்து எடுத்தது மாதிரி செக்கச்செவேல் என்று இருந்தது. கீழே சாலை இருந்த இடம் தெரியவில்லை. வழக்கமான வரி ஓடியது. ஏராளமான வாகனங்கள் சிக்கியுள்ளன.

சரக்கு ஏற்றிவிட்ட கம்பெனிக்கு உடனே மெயில் போட்டேன். அங்கே எங்கள் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி போனில் வந்தார். நிலச்சரிவு என்று இந்த மழைக்காலத்தில் உங்கள் ஆட்கள் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, மறுபடியும் அதையே எழுதினால் மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆதாரம் வேண்டும் என்றார். டவர் இல்லாத இடத்திலிருந்து ஆதாரம் எப்படி வரும்? செய்தி ஓடிய வீடியோவை அனுப்பினேன். இதில் உங்கள் வண்டி நம்பர் தெரியவில்லையே என்றார்.

ஒரு வாரம் இப்படியே இழுத்தது. தம்மம்பட்டியாரின் மனைவி தினமும் எனக்குப் போன் செய்தார். "தகவல் ஒண்ணும் இல்லீங்க. ஆனா செத்தவங்கள்ல டிரைவருன்னு யாரையும் சொல்லல" என்று சொல்வேன். அவருக்குச் சொல்ல என்னிடம் இருந்த நல்ல சேதி அவ்வளவுதான்.

பிறகு அந்த அதிகாரி முதலாளியிடம் இந்தியில் பேசினார். பேசி முடித்த முதலாளி என் மேசைக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, ஒரு மெயில் எழுதோணும். டிரைவரோட நெக்லிஜன்ஸால லேட்டாயிருச்சு, அவரு மேல நடவடிக்கை எடுக்கறோம்னு போட்டுரு."

எனக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். செய்தியில் அது முதல் நாள் வராது. வெள்ளம் வடிந்து, யார் மேல் பழியைப் போடலாம் என்று தேடும்போது வரும். அணையைத் திறந்த பெரியவர்கள் மேல் அது ஒட்டாது. படகு ஓட்டினவன், மதகுக் காவல்காரன், மின்சாரக் கம்பத்தில் ஏறினவன், இப்படி யாராவது ஒருத்தர் மேல் போய் உட்காரும்.

"மலை சரிஞ்சிருக்குதுங்ணா. அவரு என்ன பண்ணுவாரு?"

"எனக்குத் தெரியாதா? அவிய பைலை மூடோணுமாம். இயற்கைச் சீற்றம்னா ஆதாரம் கேக்கறாங்க. டிரைவரு தப்புன்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

"இல்லீங்ணா. அதை நான் எழுத மாட்டேன்."

அவர் எரிச்சலாகவில்லை. குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "சும்மா பேருக்குத்தான் அம்மிணி. அவரை நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. இங்கிலீஷ்லதானே எழுதறோம். அவருக்கு என்ன தெரியப் போகுது?"

அதுவரை எனக்கு வருத்தம்தான் இருந்தது. அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. தெரியாது என்பதால் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்கள். தெரியாது என்பதால் அவர் தலையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தெரிந்துகொண்டு நான் உட்கார்ந்திருப்பது இதை எழுதித் தரவா?

"அவருக்குத் தெரியாதுங்கறதுனாலதான் எழுத மாட்டேன்னு சொல்றனுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அப்ப வேற ஆள வெச்சு எழுதிக்கறேன்."

"எழுதிக்குங்க. நான் அனுப்ப மாட்டேன். யார் கேட்டாலும் மலை சரிஞ்சதுன்னுதான் சொல்லுவேன்."

"வேலைய விட்டு நிறுத்திட்டா என்ன பண்ணுவ?"

"ராசிபுரத்துக்கு பஸ்ஸு நெறைய இருக்குதுங்ணா."

அவர் வெளியே டீக்கடைக்குப் போய்விட்டார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து மெயில் எழுதினேன். நிலச்சரிவில் சாலை புதைந்துவிட்டது. எங்கள் டிரைவர் மலையில் சிக்கியிருக்கிறார், அவரோடு தொடர்பு இல்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. சாலை திறந்ததும் சரக்கு வரும். வாகனம் என்று எங்கும் எழுதவில்லை. டிரைவர் என்றே எழுதினேன். யாரிடமும் கேட்காமல் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி போனில் வந்தார். உன் முதலாளியிடம் பேசியது ஒன்று, நீ அனுப்பியிருப்பது வேறு ஒன்று என்றார். நான் எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்து பேசினால் குரல் உள்ளே போய்விடும் என்று தோன்றியது.

"சார், லேண்ட்ஸ்லைட். ரோடு பிளாக்ட். டிரைவர் ஸ்ட்ராண்டட். நோ நெக்லிஜன்ஸ்."

அவர் ஆதாரத்தை மறுபடி இழுத்தார். அந்தச் செய்தியில் உங்கள் வண்டி நம்பரே இல்லை என்றார்.

"எஸ் சார். டெட் பீப்பிள் நேம்ஸ் ஆல்சோ நாட் தேர்."

அந்த வாக்கியத்தில் இலக்கணம் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் புரிந்தது. மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளி திரும்பி வந்ததும், "அனுப்பிட்டனுங்ணா" என்றேன்.

"என்னன்னு?"

மெயிலைத் தமிழில் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். முடித்ததும், "இந்தக் கம்பெனி லோடு இனி நமக்கு வராது. தெரியுமா?" என்றார்.

"வராட்டிப் போகுதுங்ணா."

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிப் போடுவ" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துப் பிரித்துக்கொண்டார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மறுநாளும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

அவர் சொன்னபடிதான் ஆனது. அந்தக் கம்பெனி அந்த வருடம் எங்களுக்கு மறுபடி லோடு தரவில்லை. வேறு லோடு தேட முதலாளி அலைந்தார். போகும்போதும் வரும்போதும், "மலை சரிஞ்சுதாம், மலை" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போவார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே.

தம்மம்பட்டியார் உயிரோடு வந்தார். டவர் கிடைத்ததும் முதலில் மனைவிக்கு, அடுத்து எனக்குப் போன் செய்தார். சரக்கை இறக்கிவிட்டு, தாடியும் மெலிந்த உடம்புமாக ஆபீசுக்குள் நுழைந்த அன்று முதலாளியே எழுந்து போய் அவருக்கு டீ வாங்கி வந்தார். முன்னாலும் சரிவு, பின்னாலும் சரிவு, நடுவில் வரிசையாக லாரிகள் என்று தம்மம்பட்டியார் சொன்னார். அரிசி இருந்தவர்கள் இல்லாதவர்களுக்குப் பொங்கிப் போட்டிருக்கிறார்கள். வண்டியை விட்டுவிட்டு நடந்தே கீழே போய்விடலாம் என்று நிறையப் பேர் இறங்கிப் போனார்களாம். இவர் போகவில்லை.

முதலாளி வெளியே போனபோது நடந்ததை அவரிடம் சொன்னேன். அவரைப் பற்றி எழுதச் சொன்னதையும் நான் எழுதியதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தங்கச்சி?"

"கவனமில்லாம இருந்தீங்கன்னு அர்த்தமுங்க."

அவர் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "வண்டிய உட்டுட்டு ஓடியாந்திருந்தா அப்படி எழுதலாம்" என்றார். பிறகு, "எழுதினது எனக்குத் தெரியாமயே போயிருக்கும் இல்ல?" என்றார்.

"ஆமாங்க."

அவர் போகும்போது முதலாளியிடம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு போனார். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த டிரைவரைப் பற்றி மெயில் எழுதினாலும், அனுப்புவதற்கு முன் அவருக்குப் போன் போட்டுத் தமிழில் படித்துக் காட்டுவேன். "இதென்ன புதுப் பழக்கம்? ஒவ்வொருத்தங்கிட்டயும் கேட்டுக்கிட்டு எந்த ஆபீசுல எழுதறாங்க?" என்று முதலாளி கேட்டார். "எழுதறது அவியளப் பத்திங்ணா. அவியளுக்குத் தெரியோணும்" என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். ஆனால் தடுக்கவில்லை.

போன மழையில் மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவரின் வண்டி ஆற்றுப் பாலம் உடைந்து அக்கரையில் நின்றுவிட்டது. எழுதி முடித்து அவருக்குப் படித்தேன். பாலம் இடிந்தது, மாற்றுப் பாதை இல்லை, கிளீனர் வண்டியை விட்டுப் போய்விட்டதால் டிரைவர் தனியாக இருக்கிறார்.

"அது தப்புங்க" என்றார் அவர். "அவன் உட்டுட்டுப் போகலீங்க. அவனுக்குக் காச்சலு. நாந்தான் தண்ணி ஏறறதுக்கு முன்னால பஸ் ஏத்தி அனுப்புனேன். போயிட்டான்னு எழுதாதீங்க, அனுப்பி வெச்சன்னு எழுதுங்க."

அப்படியே மாற்றினேன். மாற்றியதை இன்னொரு முறை படித்துக் காட்டினேன். "இப்ப சரிங்க" என்றார். அனுப்பினேன்.